அட்டை, நாணயம், கொழுந்து: தரச்சான்று யாருக்கு உதவுகிறது?

1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிளீர் நிறுவனம் கூடைப்பந்து வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வெளியிட்டது. அந்த வரிசையில் 57-ஆம் எண் அட்டை மைக்கேல் ஜோர்டானுடையது. 2021 ஜனவரி இறுதியில் நடந்த ஓர் ஏலத்தில் அந்த அட்டையின் இரண்டு பிரதிகள் தலா 7,38,000 டாலருக்குப் போயின. இரண்டுமே பி.எஸ்.ஏ. என்ற தரமிடும் நிறுவனத்திடம் 10 என்ற உச்ச மதிப்பெண் வாங்கி, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரை வைத்து மூடப்பட்டவை. அதே அட்டை அதே நிறுவனத்திடம் 9 வாங்கியிருந்தால் விலை பல மடங்கு குறைவு. மதிப்பெண்ணே இல்லாத பிரதி என்றால், விற்பவர் சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்ற யோசனையிலேயே வாங்க வந்தவர் பாதி விலையைக் குறைத்துவிடுவார்.

பத்துக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சாதாரண ரசிகரின் கண்ணுக்குத் தெரியாது. கைதேர்ந்த வியாபாரிகூட உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத்தான் பார்ப்பார். அப்படியிருந்தும் சேகரிப்பாளர்கள் சான்று பெற்ற அட்டையையே தேடுகிறார்கள். அட்டை கெடாது, விற்பது சுலபம், வைத்திருப்பதில் ஒரு பெருமை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கெட்டி உறை மட்டும் வேண்டுமென்றால் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதில் போட்டு வைத்தால் அட்டையின் விலை ஏறுவதில்லை. ஏற்றுவது உறைக்குள் இருக்கும் சிறு சீட்டு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேண்டப்பட்டவராக இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்துச் சொன்ன சொல் அதில் இருக்கிறது. முன்பின் அறியாத இருவர் பேரம் முடிக்க அந்தச் சொல் போதுமானதாகிறது. அந்தச் சொல்லுக்கு ஏன் அத்தனை விலை என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. கூடலூர் வட்டம் தேவர்சோலையில் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அப்படியொரு சொல் கிடைக்காததால் நேரும் இழப்பைப் பற்றியதும்தான்.

விளையாட்டு அட்டைகள் பாதுகாத்து வைப்பதற்காகப் பிறந்தவை இல்லை. சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க வைத்த அட்டைத் துண்டில் படம் அச்சிட்டதில் தொடங்கி, பிற்பாடு பபிள்கம்மோடு சேர்த்து விற்கப்பட்டவை. வாங்கியது பிள்ளைகள். சட்டைப் பையில் திணித்தார்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி ஓசை எழுப்பினார்கள். நம் ஊர்களிலும் 1990களில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு கட்டுகள் பெட்டிக்கடைகளில் தொங்கின. உயரம், எடை, போட்ட சண்டைகள் என்று சொல்லிச் சொல்லி ஆடியதில் மூலைகள் மழுங்கி, நடுவில் மடிந்து, மழை நாளில் நனைந்து அவை தீர்ந்துபோயின. ஒரு கட்டு முழுசாக, மூலைகள் கூராக, இன்று எத்தனை வீடுகளில் இருக்கும்? பழைய அட்டையின் அருமை இப்படித்தான் உண்டாகிறது. ஏராளமாக அச்சிடப்பட்டவற்றில் கெடாமல் தப்பியவை மிகச் சில. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. எஸ்.ஜி.சி. என்ற இன்னொரு நிறுவனம் அதற்கு 9.5 மதிப்பெண் தந்திருந்தது. அந்த வயதில் அந்த நிலையில் ஒரு அட்டை இருப்பதே அதிசயம் என்பதற்குக் கொடுத்த விலை அது.

1980களின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழானது. பெரியவர்களே முதலீடு என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சிட்டுத் தள்ளின. அந்தக் காலத்து அட்டைகள் இன்றும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச மதிப்பெண் கிடைத்தால் மட்டுமே வாங்க ஆள் உண்டு. ஆக, அரிய பழைய அட்டைக்கும் மலிந்த புதிய அட்டைக்கும் விலையைத் தீர்மானிப்பது அட்டையின் நிலைதான். அந்த நிலையை யார் அளப்பது?

அளக்கும் முறை பார்வைக்கு எளிது. படம் அட்டையின் நடுவில் அச்சாகியிருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, விளிம்பில் நார் பிரிந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல், கறை, மெருகு போன இடம் உண்டா என்று பார்க்கிறார்கள். பி.எஸ்.ஏ.வின் அளவுகோல் 1 முதல் 10 வரை. முன்பக்கம் இடது ஓரமும் வலது ஓரமும் 55-க்கு 45 என்ற விகிதத்தைத் தாண்டிக் கோணியிருந்தால் பத்துக்கு வாய்ப்பே இல்லை. இதற்கெல்லாம் முன்னால் அட்டை அசல்தானா, ஓரம் வெட்டப்பட்டதா, நிறம் ஏற்றப்பட்டதா என்ற சோதனை நடக்கிறது. தேய்ந்த விளிம்பை ஒரு மில்லிமீட்டர் சீவிவிட்டால் மூலை புதிதுபோல் கூராகிவிடும். எனவே நீள அகலத்தை அளந்து பார்ப்பார்கள். தேறிய அட்டை உறைக்குள் போகிறது. மீயொலியால் ஒட்டப்பட்ட அந்த உறையை உடைக்காமல் திறக்க முடியாது. சீட்டில் ஒரு சான்று எண். அதை நிறுவனத்தின் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். அந்த அட்டையின் பிரதிகள் இதுவரை எத்தனை வந்தன, எத்தனைக்குப் பத்து, எத்தனைக்கு ஒன்பது என்ற கணக்கும் வெளியிடப்படுகிறது. தவறு நேர்ந்ததாகத் தெரிந்தால் வரம்புக்கு உட்பட்டு ஈடு தருவதாக உறுதியும் தருகிறார்கள். என் மதிப்பில், இந்த அமைப்பு முழுவதையும் தாங்கி நிற்பது இந்தக் கடைசி உறுதிதான். தவறாகச் சொன்னால் தனக்கும் நட்டம் என்று ஏற்றுக்கொண்டவரின் சொல்லைத்தான் ஊர் நம்பும்.

இந்த முறை அட்டைகளில் தொடங்கவில்லை, நாணயங்களில் தொடங்கியது. அமெரிக்க நாணய வியாபாரத்தில் ஒரு பழைய நோய் இருந்தது: சேகரிப்பாளர் விற்க வந்தால் நாணயம் 'தேய்ந்தது', அதே நாணயத்தை வியாபாரி விற்கும்போது 'புத்தம் புதுசு'. இதற்கு மாற்றாக 1986-இல் டேவிட் ஹாலும் சில நாணய வியாபாரிகளும் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே என்.ஜி.சி. வந்தது. 1991-இல் அதே வழியில் அட்டைகளுக்கு பி.எஸ்.ஏ. 1995-இல் ஈபே என்ற இணைய ஏலத் தளம் வந்தபின் இந்தத் தொழில் வேகம் பிடித்தது. கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கியவரை, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒருவரிடம் மங்கலான புகைப்படத்தை நம்பி வாங்கும் நிலைக்கு இணையம் கொண்டுவந்தது. பார்க்க முடியாத பொருளுக்குப் பார்த்தவரின் சான்று வேண்டியிருந்தது.

பொருளை அறிந்த விற்பவருக்கும் அறியாத வாங்குபவருக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தை 1970-இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் விளக்கினார். பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டு அவர் வைத்த வாதம் இது: நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாது, ஆகவே இரண்டுக்கும் நடுவான ஒரு விலைதான் தருவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுபவை மோசமானவை என்பதால் நடுவிலை இன்னும் இறங்கும். இப்படியே இறங்கிக்கொண்டு போனால் சந்தையே இல்லாமல் போகலாம். 2001-இல் இவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே கட்டுரையில் ஏக்கர்லாஃப் இந்தியாவையும் பேசுகிறார். கடைத்தெரு அரிசியில் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கற்களைப் பெண்கள் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்ததைச் சொல்கிறார். ஏற்றுமதிப் பொருள்களுக்குத் தரக்கட்டுப்பாடு கொண்டுவந்த 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் குறிப்பிடுகிறார். முறத்தில் கல் பொறுக்கிய தலைமுறைக்கு இந்தக் கோட்பாடு புதிதாக இருந்திருக்காது. ஏமாற்றின் செலவைக் கடைக்காரர் சுமக்கவில்லை, பொறுக்கியவர்களின் நேரம் சுமந்தது.

ஏக்கர்லாஃப் சொன்னது அட்டைச் சந்தையில் நடக்கிறதா என்று ஜிஞ்சர் ஜின், ஆண்ட்ரூ கேட்டோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சோதித்தார்கள். ஈபேயில் சான்றில்லாத பேஸ்பால் அட்டைகளைத் தாங்களே வாங்கினார்கள். விற்றவர்களில் சிலர் தம் அட்டை பத்துக்குத் தேறும், ஒன்பதுக்குத் தேறும் என்று எழுதியிருந்தார்கள். சிலர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கியவற்றைத் தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்பி உண்மை மதிப்பெண்ணைப் பெற்றார்கள். 2006-இல் வெளிவந்த முடிவு கசப்பானது. பெரிதாகச் சொன்னவர்களுக்கு வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய அட்டைகள் மற்றவர்களுடையதைவிட நன்றாக இல்லை. ஏமாற்றப்படும் வாய்ப்பும் அவர்களிடம் வாங்கும்போதுதான் அதிகமாக இருந்தது. சேகரிப்பாளர்கள் சான்று பெற்ற அட்டையை நாடுவது வெறும் மோகம் என்பவர்களுக்கு இந்த ஆய்வைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. விற்பவரின் வாய்ச்சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுத்துச் சூடுபட்டவர்கள், அந்தக் கூடுதலைத் தரமிடுபவரின் சொல்லுக்குக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு, ஜின், கேட்டோ ஆகியோரோடு ஜான் லிஸ்டும் சேர்ந்து 2010-இல் வெளியிட்டது, இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. முதலில் வந்த தரமிடும் நிறுவனத்தின் மதிப்பெண், அனுபவமில்லாத சேகரிப்பாளர்களுக்குப் புதுச் செய்தியைத் தந்தது. பழுத்த வியாபாரிகளுக்கோ அது தெரிந்த செய்திதான். அவர்கள் அட்டையைக் கையில் வாங்கியதுமே ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். பின்னால் போட்டிக்கு வந்த நிறுவனங்கள் அளவுகோலை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துத் தங்களுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: தரச்சான்றால் பலன் பெறுபவர் கண் தேராதவர். நிபுணரிடம் மட்டும் இருந்த அறிவில் ஒரு பங்கு சீட்டு வழியாக மற்றவர் கைக்கும் வருகிறது. பேரத்தில் எப்போதும் தோற்றுக்கொண்டிருந்தவர், அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சமமாக உட்கார முடிகிறது.

இவ்வளவு சொன்னபின் அதன் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். பி.எஸ்.ஏ. முதன்முதலில் சான்று தந்த அட்டை, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னருடையது. 1909-க்கும் 1911-க்கும் இடையே சிகரெட்டோடு வந்த அரிய அட்டை அது. ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991-இல் 4,51,000 டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. 8 மதிப்பெண் போட்டது. அந்த வயது அட்டைக்கு எட்டு என்பது நம்ப முடியாத மதிப்பெண். 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஓரம் சீவப்பட்ட அட்டை என்று நெடுநாளாகவே வியாபாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை ஒருகாலத்தில் வைத்திருந்து விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, வேறு ஏல மோசடிகளுக்காக நடந்த வழக்கில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, வாக்னர் அட்டையைத் தானே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். முதல் சான்றிலேயே சறுக்கல். விந்தை என்னவென்றால், சேகரிப்பாளர்கள் அதனால் தரச்சான்றைக் கைவிடவில்லை. தவறான சான்றைக் கண்டவர்கள் கேட்டது சரியான சான்றை.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டணம் கட்டுபவர் அட்டையை அனுப்புபவர். நல்ல மதிப்பெண் வந்தால் லாபம் அவருக்கே. மதிப்பெண்ணால் அட்டையின் விலை உயர்ந்தால் தரமிடும் நிறுவனத்தின் கட்டணமும் உயரும் முறை நடப்பில் உள்ளது. பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனம் 2021-இல் கோல்டின் என்ற ஏல நிறுவனத்தை வாங்கி, 2024 வரை தன் கையில் வைத்திருந்தது. அதே 2024-இல் போட்டியாளரான எஸ்.ஜி.சி.யையும் வாங்கியது. தரமிடுபவரும் விற்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நல்லதில்லை. இதை யாரும் முறைகேடு செய்தார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. மூன்றாவது ஆளின் சொல்லுக்கு மதிப்பே அவர் மூன்றாவது ஆளாக இருப்பதால்தான் வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன். எட்டு வந்த அட்டையை உறையை உடைத்து எடுத்து, ஒன்பது வருமென்ற நம்பிக்கையில் மறுபடி அனுப்பும் பழக்கமும் உண்டு. மனிதக் கண் போடும் மதிப்பெண்ணில் அந்த அளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். பெருந்தொற்றுக் காலத்தில் அட்டைகள் மலைபோல் குவிந்து, 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. குறைந்த விலை அட்டைக்குக் கட்டணமே அட்டை விலையைத் தாண்டிவிடும். அவற்றைச் சான்றில்லாமல் வாங்கி ஆசையோடு வைத்துக்கொள்வதே புத்தி.

இந்தியாவில் இந்தப் பழக்கம் அட்டைகளைவிட நாணயங்களில் வேரூன்றியிருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிவார்கள். பழைய உயர்தர வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது. அடுத்த ஆண்டு வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ரூபாய் ஏராளம், 1939 அரிது. எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிய போலிகள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. அதனால்தான் வெளிநாட்டு நிறுவனத்தின் உறைக்குள் இருக்கும் 1939 ரூபாய்க்குத் தனி மதிப்பு.

ஆனால் எல்லா நாணயத்தையும் அப்படி அனுப்பிவிட முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜின் 1911-ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்வோம். மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசு திரும்பப் பெற்ற நாணயம் அது. மதிப்பெண் வாங்குவதற்காக அதை அமெரிக்காவுக்கு அனுப்பினால் சட்டமீறல். 1939 ரூபாய்க்கு நூறு நிரம்ப இன்னும் காலம் இருக்கிறது. ஆக, மிகப் பழையவையும் மிக அரியவையுமான நம் நாணயங்களுக்கு வெளிநாட்டுச் சான்றின் வழி அடைபட்டிருக்கிறது. அவை வெளியேறாமல் காப்பது சட்டத்தின் நோக்கம், அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். சங்ககாலக் காசுகளும் சோழர் காசுகளும் புழங்கும் தமிழ்நாட்டில், அவற்றை இங்கேயே சோதித்துப் பொறுப்பேற்றுச் சான்று தரும் அமைப்பு ஒன்று சேகரிப்பாளர்களின் மதிப்பைப் பெற்று வளர வேண்டும் என்பது அதிலிருந்தே எழும் தேவை. தங்கத்தில் அதைச் செய்துவிட்டோம். ஹால்மார்க் முத்திரை 2000-இல் வந்தது. 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க அடையாள எண். உரைகல்லை நம்பிய பாட்டிக்குத் தெரியாத மாற்று, பேத்தியின் கைபேசியில் தெரிகிறது.

இனி மலைக்கு வருவோம். நீலகிரியில் தரமிடுவது புதிய கலை இல்லை. குன்னூரில் தேயிலை ஏலம் 1963-இல் தொடங்கியது. தொழிற்சாலையில் தூளைச் சல்லடைகளில் சலித்து இலை ரகம், டஸ்ட் ரகம் என்று பிரிக்கிறார்கள். மூட்டையில் இருக்கும் பி.ஓ.பி., பி.எஃப். போன்ற எழுத்துகள் துகளின் அளவைச் சொல்லும், சுவையைச் சொல்லாது. சுவையைச் சொல்வது டீ டேஸ்டர். வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் அளந்து போட்ட சில கிராம் தூள், கொதிநீர், ஐந்தாறு நிமிடம். வடிநீரின் நிறம், வெந்த இலையின் நிறம், வாயில் உறிஞ்சும்போது நாக்கில் தெரியும் சுறுசுறுப்பு, கனம். உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த கோப்பை. ஏலத் தரகு நிறுவனங்கள் ஒவ்வொரு லாட்டையும் இப்படிச் சுவைத்து மதிப்பு விலை குறித்துப் பட்டியல் போடுகின்றன. மாதிரிகள் வாங்குபவர்களுக்குப் போகின்றன. ஏலம் இப்போது மின்னணு முறையில் நடக்கிறது. குஜராத்திலோ ராஜஸ்தானிலோ உட்கார்ந்திருக்கும் வியாபாரி மூட்டையைக் கண்ணால் காணாமல் டன் கணக்கில் எடுக்க முடிவது இதனால்தான். ஒரே வாரத்தில், ஒரே பெயர் கொண்ட ரகத்தில், ஒரு தொழிற்சாலையின் தூளுக்கும் இன்னொன்றின் தூளுக்கும் பெரிய விலை வேறுபாடு இருக்கும். நன்றாகச் செய்தவருக்கு நல்ல விலை. இந்தக் கட்டம் வரை சந்தை ஒழுங்காகவே வேலை செய்கிறது.

தூளாவதற்கு முந்தைய கட்டத்தில்தான் சிக்கல். கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகும் சாலையில் இருக்கிறது தேவர்சோலை. எஸ்டேட்டுகளின் ஓரத்தில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர், மூன்று ஏக்கர் என்று தேயிலை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதி முழுக்க இருக்கிறார்கள். இவர்களிடம் தொழிற்சாலை கிடையாது. பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் கட்டிச் சாலையோரம் வைத்தால், ஏஜென்ட் வண்டி வந்து எடைபோட்டு எடுத்துச் செல்லும். இலை போவது பிறர் இலையை வாங்கி அரைக்கும் தனியார் தொழிற்சாலைக்கோ இன்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ. நாலு கிலோவுக்குச் சற்று மேல் பச்சிலை இருந்தால் ஒரு கிலோ தூள் வரும்.

கொழுந்தில் தரம் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்றால் நல்ல தூள். முற்றிய இலையும் தண்டும் சேர்ந்தால் நார் மிகுந்த, சாறில்லாத தூள். நல்ல கொழுந்து வேண்டுமென்றால் ஏழு, பத்து நாளுக்கு ஒரு சுற்று கையால் பறிக்க வேண்டும். சுற்றை இரண்டு வாரத்துக்கும் மேலாக நீட்டிக் கத்திரியால் வெட்டினால் ஆள்கூலி பாதியாகும், எடை கூடும். இப்போது விலையைப் பாருங்கள். தேயிலை வாரியம் மாதந்தோறும் ஏல மைய விலையின் சராசரியை வைத்து நீலகிரிக்கு ஒரு பச்சிலை விலையை அறிவிக்கிறது. தூளின் விற்பனை வருமானத்தை விவசாயியும் தொழிற்சாலையும் பங்கிட்டுக்கொள்ளும் சூத்திரம் அதற்கு அடிப்படை. பறித்தவர் யார், எப்படிப் பறித்தார் என்பதற்கு அந்தச் சராசரியில் இடமில்லை. தரமான இலைக்குக் கூடுதலாகத் தரும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. ஆனால் சாலையோரச் சாக்கின் பொது விதி எடை மட்டுமே.

ஏக்கர்லாஃபின் பழைய கார் சந்தை அப்படியே இங்கே நடக்கிறது. நல்ல கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் ஒரே நடுவிலை. கையால் கொழுந்து எடுப்பவருக்கு அந்த விலை கட்டவில்லை. அவர் கத்திரிக்கு மாறுகிறார். தூளின் தரம் இறங்குகிறது, ஏலத்தில் விலை இறங்குகிறது, அதன் சராசரியான பச்சிலை விலை மறுமாதம் இன்னும் இறங்குகிறது. 1990களின் இறுதியில் நீலகிரித் தேயிலை விலை சரிந்ததற்கு வெளிநாட்டுச் சந்தை, குறிப்பாக ரஷ்யச் சந்தை, சுருங்கியது உள்ளிட்ட காரணங்கள் இருந்தன. ஆனால் சரிந்த விலை மீண்டு நிமிராததில் தரமில்லாத இலைக்கும் பங்கு உண்டு. 2023-இல் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் நியாயமான விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். விவசாயியைப் பார்த்து 'தரமாகப் பறி' என்று அறிவுரை சொல்பவர்கள், தரமாகப் பறித்ததைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளை நியமிக்காத வரை அந்த அறிவுரைக்குப் பொருளில்லை.

வசதியான சேகரிப்பாளர் ஒரு அட்டைத் துண்டுக்குப் பெறும் நீதி, மழையில் நனைந்து கொழுந்து எடுக்கும் பெண்ணின் உழைப்புக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வேதனை தருகிறது. அதைச் செய்யும் அறிவு இல்லாமலும் இல்லை. கொழுந்துச் சதவீதம் பார்ப்பது எஸ்டேட்டுகளில் நாள்தோறும் நடக்கும் வேலை. சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து, இளங்கொழுந்தை ஒருபுறமும் முற்றியதை ஒருபுறமும் பிரித்து, இரண்டையும் எடைபோட்டால் கணக்கு வந்துவிடும். கால் மணி நேரம்கூட ஆகாது. உருப்பெருக்கியோ ஆய்வுக்கூடமோ வேண்டாம். இல்லாதது அந்த மூன்றாவது ஆள்தான். இப்போது இலையைப் பார்த்து ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று எடையைக் கழிப்பவர் வாங்குபவரின் ஆள். அவர் சொல்லும் கழிவு சரியாகவே இருந்தாலும் விவசாயிக்கு நம்பிக்கை வராது. சாக்கு வண்டியில் ஏறிப் பிறர் சாக்குகளோடு கலந்தபின் எந்த இலை யாருடையது என்று சொல்ல வழியுமில்லை. ஆகவே மாதிரி எடுப்பது எடைபோடும் இடத்திலேயே, விவசாயியின் கண் முன்னால் நடந்தாக வேண்டும்.

யார் சம்பளம் கொடுப்பது என்பது கடினமான கேள்வி. தொழிற்சாலை கொடுத்தால் தொழிற்சாலையின் ஆளாகிவிடுவார். அட்டை உலகத்தைப்போல அனுப்புபவரே கட்டணம் கட்டட்டும் என்றால், நாற்பது கிலோ இலை கொண்டுவருபவரால் முடியாது. கிலோவுக்குச் சில காசு என்று இரு தரப்பிலும் பிடித்து, வாரியத்தின் வழியாகச் சம்பளம் கொடுத்து, ஒரே ஊரில் நெடுங்காலம் வைக்காமல் மாற்றிக்கொண்டிருந்தால் முடியும் என்று நினைக்கிறேன். மதிப்பெண்ணை மறுத்துக் கேட்க விவசாயிக்கு உரிமை வேண்டும். பிடித்த மாதிரியில் பாதியை முத்திரை வைத்து மறுநாள் வரை வைத்திருந்தால் போதும், அதற்குமேல் பச்சிலை தாங்காது. இன்ட்கோ தொழிற்சாலைகளில் விவசாயிகளே உறுப்பினர்கள் என்பதால், சேகரிப்பு நிலையம் ஒன்றிரண்டில் ஒரு பருவம் இதை நடத்திப் பார்க்க வேறு யாருடைய தயவும் வேண்டியதில்லை. எடைச் சீட்டில் இன்று தேதி, எடை, கழிவு என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. நான்காவதாகக் கொழுந்துச் சதவீதத்துக்கு ஒரு கட்டம் போட்டு, அறுபதுக்கு மேல் ஒரு விலை, அதற்குக் கீழ் ஒரு விலை என்று இரண்டே படி வைத்துத் தொடங்கலாம்.